அண்ணனுக்குத் தலைக்கு ஊற்றும் முன்னே

விழாவுக்குத் தலைமையேற்று, மேடையின் நடுவே மலர்ந்த முகத்தோடு வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தங்கசாமி ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, என் அண்ணனைப் பூமியில் கால் பாவாமல் தூக்கி வைத்த பெருமக்களே! கண்மாய்த் தண்ணீரை மடை மடையாய்ப் பங்கிட்டு, வெயிலில் வெந்து, வரப்பில் நடந்து, வயிற்றுக்குச் சோறு தரும் விவசாயிகள் சங்கத்து உறவுகளே! ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்தும் திருவாடானையிலிருந்தும், திரும்பிப் போகும் பஸ் போனால் போகட்டும் என்று வந்து உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே! முந்தானையால் விசிறிக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! மைக் கட்டியவரே, விளக்குக் கட்டியவரே, பந்தலுக்குப் பின்னால் அண்டாவோடு மல்லுக்கட்டும் சமையல்காரரே! நாளைக் காலையில் அம்மன் கோயில் கிணற்றடியில், என் அண்ணன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றக் காத்திருக்கும் என் அத்தை உமையாள் அவர்களே! இத்தனை பேருக்கும் நடுவே, மாலையும் சால்வையுமாக, கூச்சத்தில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறந்த அண்ணன் தங்கப்பாண்டி அவர்களே! உங்கள் அனைவரையும் கலைச்செல்வியாகிய நான் இரு கரம் கூப்பி வணங்குகிறேன்.

வேண்டாம், கை தட்ட வேண்டாம். வணங்கியதற்கே கை தட்டினால் நான் சொல்ல வந்ததைச் சொல்லும்போது உங்கள் கை ஓய்ந்து போயிருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். கோயில் விழா, பட்டிமன்றம், கல்யாண வாழ்த்து என்று இந்த ஜில்லாவில் நான் ஏறாத மேடை குறைவு. எங்கே ஏறினாலும், இன்னும் கொஞ்சம் தட்டினால் என்னவாம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவள்தான். இன்றைக்கு மட்டும் அது எனக்குப் பிடிக்கவில்லை.

பந்தல் வாசலில் பனை உயரத்துக்கு ஒரு பிளக்ஸ் நிற்கிறதே, பார்த்தீர்களா? 'எமனை வென்று வந்த எங்கள் அண்ணனுக்கு மறுபிறவிப் பாராட்டு விழா!' இளைஞர் மன்றச் செயலாளர் தம்பி ராம்குமார் வைத்தது. நன்றாக இருக்கிறது, தம்பி. அண்ணன் மீசையை நீயே கொஞ்சம் கறுப்பாக்கிவிட்டாய் போலிருக்கிறது. தை மாதத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடையடியில் சாய்ந்த மனிதரைத் தோளில் தூக்கிக் காரில் போட்டு, மதுரை போகும்வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டிப் போனவன் நீ. அந்த உதவியை இந்தக் கட்டை வேகிறவரைக்கும் நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எமனை ஒருவரும் வெல்லவில்லை. கொஞ்சம் தள்ளி நில் என்று சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். அவன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று நீ பிளக்ஸ் அடித்துவிட்டாய். அவன் நம் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்க வைப்பதற்கென்றே என்னை மேடைக்கு மேடை அழைப்பார்கள். இந்த மேடைக்கு மட்டும் என்னை அழைக்க வேண்டாம் என்று இரண்டொருவர் சொன்னதாகக் கேள்வி. நல்ல காரியத்துக்கு முந்தின நாள், வெறுங்கழுத்தோடு ஒருத்தி வந்து மைக்கைப் பிடிக்கலாமா என்று கேட்டார்களாம். அண்ணன்தான் எகிறியிருக்கிறார். 'என் தங்கச்சி பேசாத விழா எனக்கு எதுக்குய்யா? பந்தலைப் பிரிங்கடா' என்றாராம். அந்த அண்ணனுக்காகத்தான் வந்தேன். அவரைப் பாராட்ட வரவில்லை. அவர் உயிரை உங்களிடம் கேட்டு வாங்க வந்திருக்கிறேன். நீங்கள் தருவீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்காமல் போக முடியவில்லை.

என் கணவர் நாகநாதனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பாம்பனில் விசைப்படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக். மாமியார் வீட்டுக்கு என்று இந்த ஊருக்கு வந்தால், பலகாரம் சாப்பிட்டு முடிக்குமுன் யாராவது ஒருவர், 'மாப்ளே, மோட்டார் தண்ணி தூக்க மாட்டேங்குது, ஒரு எட்டு வந்து பாருங்க' என்று கையைப் பிடித்து இழுத்துப் போவீர்கள். வேட்டி நிறைய கிரீஸோடு திரும்பி வருவார். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர். மாட்டேன் என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அந்தக் குணத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவருக்கும் நெஞ்சு வலி வந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தவர் டாக்டர் சூஃபியா. கீழக்கரைப் பக்கத்துப் பெண். படித்தது பெரிய படிப்பானாலும் பேச்சு நம் பேச்சு. அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் வாய் நிறையக் கூப்பிடுகிற பெண். இவர் சும்மா இருப்பாரா? மெக்கானிக் அல்லவா? கட்டிலில் படுத்துக்கொண்டே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

'உள்ள என்னத்தம்மா வச்சீங்க?' என்றார்.

'கம்பி வலை மாதிரி ஒரு சின்னக் குழாய், காக்கா. அடைச்ச ரத்தக்குழாயை விரிச்சுப் பிடிச்சுக்கிரும். அது மேல மருந்து பூசியிருக்கு' என்றார் டாக்டர்.

'இரும்புக்கு எதுக்கும்மா மருந்து?'

'உடம்புக்குள்ள வேத்துப் பொருளு வந்தா, சதையை வளர்த்து மூடப் பாக்கும். கண்டபடி வளர்ந்தா மறுபடி அடைச்சுக்கிரும்ல? அப்படி வளராம இருக்கத்தான் மருந்து.'

'அப்ப நல்லதுதான?'

'நல்லதுதான். ஆனா ஒரு சங்கடம் இருக்கு. அந்தக் கம்பி மேல மெல்லிசா ஒரு தோலு மூடணும். அதுதான் ஆறுறது. இந்த மருந்து அதையும் மெதுவாக்கிப்புடும். தோலு மூடாத இடத்துல வெறுங்கம்பி ரத்தத்துல நிக்கும். அங்கன ரத்தம் கட்டுனா போச்சு. கட்டாம இருக்கத்தான் இந்த ரெண்டு மாத்திரை. நான் சொல்ற வரைக்கும் ஒரு நாள் விடக் கூடாது.'

இவர் கொஞ்ச நேரம் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: 'புரிஞ்சுபோச்சும்மா. புது இன்ஜினு பழகுற வரைக்கும் ஆயில் குறையக் கூடாது. குறைஞ்சா பிஸ்டன் பிடிச்சுக்கிரும்.' டாக்டர் சிரித்துவிட்டார். 'இதை விடத் தெளிவா என்னால சொல்ல முடியாது காக்கா' என்றார். என் கணவருக்குப் புரியாமல் போய்விட்டது என்று நாளைக்கு ஒருவரும் பேசக் கூடாது. அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

மாதங்கள் போயின. மாடி ஏறினால் நெஞ்சில் லேசாக ஒரு பிடிப்பு. மறுபடி மதுரை. டாக்டர் சொன்னார், உள்ளே ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். எப்படிப் பார்ப்பார்கள்? நெஞ்சைத் திறந்தா? இல்லை. மணிக்கட்டில் ஒரு சின்னத் துளை. அதன் வழியே நூல் போல ஒரு கம்பி. கம்பியின் முனையில் ஒரு ஒளி. மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டால் ரத்தம் ஒரு நொடி விலகிக் கொடுக்கிறது. அந்த ஒரு நொடிக்குள் ஒளி சுழன்று சுழன்று குழாயின் உள்சுவரைப் படம் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறது. வாழைத்தண்டை வட்ட வட்டமாக நறுக்கி வைத்தது போலத் திரையில் படங்கள் வருகின்றன. என்னையும் உள்ளே அழைத்துக் காட்டினார் அந்தப் பெண்.

ஐயா, தாயே, நான் பார்த்தேன்! என்னைக் கட்டிய மனிதரின் நெஞ்சுக்குள் ஓடுகிற குழாயை என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஒரு படத்தில் கம்பிகளின் மேல் மெல்லியதாக ஒரு தோல். சூடான பாலில் ஆடை படியுமே, அப்படி. இன்னொரு படம், குழாய் இரண்டாகக் கிளை பிரியும் இடம். அங்கே தோல் இல்லை. கம்பி வெறுமையாக மினுங்கிக்கொண்டு நின்றது. 'முக்காவாசி மூடிருச்சு லாத்தா. இங்கன, இந்த வளைவுல மட்டும்தான் இன்னும் மூடலை. பயப்பட ஒண்ணுமில்லை, மாத்திரையை மட்டும் விட்டுறாதீங்க' என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்று அந்தப் பெண் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. மாத்திரையை விடாதவரைக்கும் ஒன்றுமில்லை.

அங்கிருந்துதான் தவறு ஆரம்பிக்கிறது. இரண்டு படத்தையும் செல்போனில் எடுத்து வந்தோம். தோல் மூடிய படம் உறவுக்காரர் வீடெல்லாம் சுற்றியது. வெறுங்கம்பி மினுங்குகிற படத்தை ஒருவரும் இன்னொருவருக்கு அனுப்பவில்லை. கெட்ட செய்தியை எதற்குப் பரப்ப வேண்டும் என்ற நல்ல மனசு! நல்ல படம் இந்த ஊருக்கும் வந்தது. என் அத்தை உமையாள் பார்த்தார். 'அதான் ஆறிருச்சுல்ல! பெறகென்ன? மருமகனைக் கூட்டிட்டு வா, தலைக்கு ஊத்தி விட்டுருவோம்' என்றார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அம்மை கண்டவருக்கு முத்து இறங்கியதும், வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவோம். ஊற்றிவிட்டால் நோய் முடிந்தது. மிச்ச மருந்தையும் வேப்பிலையையும் முறத்தில் வாரிக்கொண்டு போய் ஊர் எல்லையில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவோம். அதற்கு அப்புறம் மருந்து என்று வாயில் வைத்தால், போன நோயை வா என்று அழைப்பதாக அர்த்தம். அம்மனை நம்பவில்லை என்று அர்த்தம். அம்மைக்கு இது சரி. அம்மை வரும், இருக்கும், போய்விடும். நெஞ்சுக்குள் வைத்த கம்பி எங்கே போகும்? அது சுடுகாடு வரைக்கும் கூட வருகிற சாமான். அதற்கு எப்படி ஐயா தலைக்கு ஊற்றி முடிப்பது?

ஊற்றினோம். இதே கிணற்றடி. இதே அத்தை. இதே கூட்டம். நீங்கள் குலவை போட்டீர்கள், தாய்மார்களே, எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. என் கணவர் மஞ்சள் வழிகிற முகத்தோடு, குளிரில் பல் கிட்ட, எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். முறத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் ஓடிப் போய் அதிலிருந்த மாத்திரை அட்டையை மட்டும் பிடுங்கிக்கொண்டேன். தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள், மாத்திரையை நான் விட மாட்டேன் என்று சண்டை போட்டேன். படித்த திமிர் என்றீர்கள். இருக்கட்டும் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

பாம்பனுக்குப் போன பிறகு, தினமும் காலையில் நானே இரண்டு மாத்திரையையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைப்பேன். மறுக்காமல் வாங்கிக்கொள்வார். 'தண்ணி கொண்டு வரவா?' என்பேன். 'நீ கெளம்பு, பஸ்ஸு போயிரும். நான் டீயோட போட்டுக்கிறேன்' என்பார். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவேன்.

ஐப்பசியில் ஒரு நாள். கடலுக்குப் போகத் தயாராக நின்ற படகில், இன்ஜின் பெட்டிக்குள் குனிந்தவர் நிமிரவில்லை. தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்கு ஓடினார்கள். பாலத்தைத் தாண்டும்போதே உயிர் போய்விட்டது. காரியம் எல்லாம் முடிந்து டாக்டர் சூஃபியாவுக்குப் போன் செய்தேன். விவரத்தைச் சொன்னேன். 'அந்தக் கிளை பிரியிற எடமாத்தான் இருக்கும் லாத்தா' என்று மட்டும் சொன்னார். என் கணவர் அன்றைக்குப் போட்டிருந்த சட்டையை ஆஸ்பத்திரியில் ஒரு கேரி பேக்கில் போட்டு என் கையில் கொடுத்திருந்தார்கள். காலையில் ஆளாகப் போனவர் சாயங்காலம் ஒரு கேரி பேக்காக என் மடியில் இருந்தார். நான் அழவில்லை. எனக்கு அழத் தெரியவில்லை.

என்ன கேட்கிறீர்கள், பின்வரிசைப் பெரியவரே? சத்தமாகக் கேளுங்கள். 'அதான் நீ மாத்திரை குடுத்துக்கிட்டுத்தான இருந்த, பெறகு எப்பிடிப் போனாரு?' என்கிறீர்களா? நல்ல கேள்வி. உட்காருங்கள். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இப்போது என் அண்ணனுக்கு வாருங்கள். என் அண்ணனுக்கும் அதே மருந்து பூசிய கம்பி. தையில் வைத்தது, இது ஆனி. ஒரு வருடம் மாத்திரையை விடக் கூடாது என்று அதே டாக்டர் அதே வாயால் சொன்னார். என் கணவருக்காவது ஒளியை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். அண்ணனுக்கு அப்படி ஒரு படம் எடுக்கவே இல்லை. உள்ளே எந்தக் கம்பி மூடியிருக்கிறது, எந்தக் கம்பி மினுங்கிக்கொண்டிருக்கிறது, யாருக்குத் தெரியும்? தலைவருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? கிணற்றடியில் நிற்கிற வேப்பமரத்துக்குத் தெரியுமா? 'ஆளு கல்லுக்குண்டு மாதிரி இருக்காரே' என்கிறீர்கள். கல்லுக்குண்டு மாதிரி இருந்தவரைத்தான் நான் பறிகொடுத்தேன். நெஞ்சுக்குள் ஆறியதா ஆறவில்லையா என்பது நெற்றியில் எழுதியிருக்குமா? நடையில் தெரியுமா? நாடி பிடித்தால் தெரியுமா? மீசையை முறுக்கினால் தெரிந்துவிடுமா? தோலுக்கு மேலே இருக்கிற புண் என்றால் பொருக்குத் தட்டியதா என்று எட்டிப் பார்க்கலாம். இது ரத்தத்துக்கு உள்ளே இருக்கிற புண்ணம்மா, புண்!

கை தட்டுகிறீர்களே! எதற்குத் தட்டுகிறீர்கள்? என் தமிழுக்கா? தீயில் போடுங்கள் இந்தத் தமிழை. நான் அடுக்கிப் பேசுவது உங்களுக்கு இனிக்கிறது, நான் சொல்வது உங்கள் காதில் ஏறவில்லை. என்ன சொன்னால் ஏறும்? எப்படிச் சொன்னால் ஏறும்? இத்தனை வருடம் மேடை மேடையாகப் பேசி நான் சம்பாதித்தது இதுதானா?

அத்தை எழுந்து நிற்கிறார். பேசுங்கள் அத்தை. மைக்கைக் கொடுக்கவா? வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள். எல்லோருக்கும் கேட்டதா? கேட்காதவர்களுக்காக நானே திருப்பிச் சொல்கிறேன். 'நல்ல நாளும் அதுவுமா என்னடி பேச்சுப் பேசுற? நான் என்ன வெசத்தையா ஊத்துனேன் அந்தப் பிள்ளைக்கு? ஏந் தலையில கல்லைத் தூக்கிப் போடுறியே' என்று கேட்கிறார். அழுகிறார்.

அழாதீங்கத்தை. நீங்க மஞ்சத்தண்ணிதான் ஊத்துனீங்க. உங்க மேல ஒரு நாளும் நான் குத்தம் சொன்னதில்லை. என்னைத் தூக்கி வளர்த்த கையி அது. அவர் போன அன்றைக்கு என்னைவிட அதிகமாக மண்ணில் புரண்டு அழுதது நீங்கள்தான். தண்ணீர் யாரையும் கொல்லாது. நாளைக்குக் குடம் குடமாக ஊற்றுங்கள், நானே நீர் இறைத்துத் தருகிறேன். அந்த முறத்தை மட்டும் எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றியாச்சு, இனிமேல் மாத்திரை சாப்பிட்டால் அம்மனுக்கு ஆகாது என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். நம் அம்மன் அவ்வளவு கோபக்காரியா அத்தை? இரண்டு மாத்திரைக்குப் பொறுக்காதவளா?

உட்கார்ந்துவிட்டார். தம்பி ராம்குமார் ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறான். 'அக்கா, நேரமாகிறது, பந்தி ஆரம்பிக்க வேண்டும்.' ஆரம்பியுங்கள் தம்பி. சோறு ஆறிப் போகக் கூடாது. பாவம், சோறு!

என் மதினி சேதுலட்சுமி எங்கே? அண்ணன் பெண்டாட்டி எங்கே? ஆங், அந்தத் தூணுக்குப் பக்கத்தில். மதினி, இந்த ஊர் முன்னாடி ஒன்று கேட்கிறேன். நாளைக்குத் தண்ணி ஊத்துன பெறகும் அண்ணனுக்கு மாத்திரை குடுப்பீங்களா? குடுப்பேன்னு சொல்லுங்க, நான் இப்படியே எறங்கிப் போயிர்றேன்.

என்ன மதினி? ஏன் தலையைக் குனிகிறீர்கள்? சொல்லுங்கள்.

என்னது?

கொஞ்சம் அமைதியாக இருங்கள். தாய்மார்களே, பேசாதீர்கள். மதினி, இன்னொரு தடவை சொல்லுங்க.

'காப்புக் கட்டுன வெள்ளிக்கெழமையில இருந்தே மாத்திரை நிப்பாட்டியாச்சு. வெரதத்துல இங்கிலீசு மருந்து ஆகாதுன்னு அத்தை சொன்னாக.'

கேட்டீர்களா? நாளைக்கு நடக்கப் போவதைத் தடுக்கலாம் என்று நான் இங்கே நின்று அலங்காரம் பேசிக்கொண்டிருக்கிறேன். அது போன வெள்ளிக்கிழமையே நடந்து முடிந்துவிட்டது. இத்தனை நேரமும் அண்ணன் உடம்பில் மாத்திரை இல்லை. நான் உங்களைச் சிரிக்க வைத்தபோதும் இல்லை. நீங்கள் மாலை போட்டபோதும் இல்லை. வெறுங்கம்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு என் அண்ணன் உங்கள் கைதட்டலுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஐயோ, அண்ணே!

மதினி, வீடு பின்னாலதான இருக்கு? ஓடுங்க. மாத்திரை டப்பாவை எடுத்துட்டு வாங்க. வழி விடுங்கள், அவர்களுக்கு வழி விடுங்கள்! ராம்குமார், காரை எடுத்து வாசலில் நிறுத்து. விழா கிடக்கட்டும், டாக்டரிடம் பேசிவிட்டு இப்போதே மதுரைக்குப் போகிறோம். இன்று காலையில்தான் அந்தப் பெண்ணிடம் போனில் கேட்டேன், ஒருவேளை யாராவது விட்டுவிட்டால் என்ன செய்வது என்று. 'தெரிஞ்ச நிமிசமே போடச் சொல்லுங்க லாத்தா, போட்டுட்டு ஒடனே என்னைக் கூப்பிடுங்க' என்றார்.

தலைவர் ஐயா, என்னை மன்னியுங்கள். நீங்கள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். மேடையில் எப்போது உட்கார வேண்டும் என்றும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். இன்றைக்கு உட்கார முடியவில்லை. என் பிறந்த வீட்டுக்கென்று மிச்சம் இருப்பது இவர் ஒருவர்தான். என் பக்கத்தில் நின்று என் கணவருக்குக் கொள்ளி வைத்தவர் இவர். இவருக்கு யார் யாரோ மாலை போட்டிருக்கிறீர்கள். அடுத்த மாலை எதற்காக இருக்கும் என்று நினைத்தாலே எனக்குக் கண் இருட்டுகிறது.

மதினி வந்துவிட்டார். இங்கே கொடுங்கள். மூச்சு வாங்குகிறது பாருங்கள், பாவம். அண்ணே, கையை நீட்டுண்ணே. இது ஒண்ணு. இது ஒண்ணு.

வாங்கிக்கொண்டார்! அண்ணன் வாங்கிக்கொண்டார்!

கை தட்டுகிறீர்கள். விசில் வேறு அடிக்கிறீர்கள். அத்தைகூடக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். தட்டுங்கள், இதற்குத் தட்டலாம். அண்ணே, தண்ணி இந்தா.

என்னண்ணே?

'சரித்தா, வாங்கிட்டேன்ல. வெரதம் இருக்கேன்த்தா. காப்பை அவுத்துட்டு நாளைக்குப் போட்டுக்கிறேன்' என்கிறார். சிரிக்கிறார். என் மனம் நோகக் கூடாதாம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நிறுத்துங்கள். கைதட்டலை நிறுத்துங்கள் என்கிறேன்!

பின்வரிசைப் பெரியவரே, கேட்டீர்களே, மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தும் எப்படிப் போனார் என்று? பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையைத் துழாவினேன். ஒரு திருப்புளி இருந்தது. பாதி பீடி ஒன்று இருந்தது, அதையும் எனக்குத் தெரியாமல்தான் குடித்திருக்கிறார். அன்று காலையில் நான் உள்ளங்கையில் வைத்த இரண்டு மாத்திரையும் இருந்தன. வியர்வையில் ஊறித் துணியோடு ஒட்டிப் போய் இருந்தன. பீரோவைத் திறந்து மற்ற சட்டைகளையும் எடுத்தேன். எந்தச் சட்டைப் பையில் கையை விட்டாலும் விரலில் வெள்ளையாக ஒட்டியது மாத்திரைத் தூள்.

எனக்காக வாங்கிக்கொண்டார். அத்தைக்காக விழுங்காமல் இருந்தார். இரண்டு பேர் மனமும் நோகக் கூடாது என்று பார்த்தார், அந்த மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். அப்போதுதான் நான் அழுதேன். பீரோவுக்கு முன்னால் உட்கார்ந்து, சட்டைகளை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன்.

அண்ணே, எனக்காக நீ வாங்க வேண்டாம். என் மனசு நோகட்டும். அத்தை மனசு நோகட்டும். ஊரே கோவிச்சுக்கிட்டுப் பந்தியை விட்டு எந்திரிச்சுப் போகட்டும். பையில் இருப்பதை எடு.

பெரியோர்களே, தாய்மார்களே! பேச இடம் கொடுத்த விழாக் குழுவுக்கு நன்றி. தலைவருக்கு நன்றி. நல்ல காரியத்தில் அழுது வைத்தவளைப் பொறுத்துக்கொண்டதற்கு உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம் என்று ஒரு வார்த்தை மட்டும் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் நான் மைக்கை விட்டு இறங்க வேண்டும். அதனால் இப்போது சொல்லவில்லை. அண்ணன் விழுங்கிய பிறகு சொல்கிறேன். அதுவரைக்கும் இங்கேயே, இந்தத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

குடிண்ணே.